இரண்டாவது அடுப்பு

சும்மா இருக்கச் சொன்னால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். சத்துணவு அமைப்பாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே பரணைக் காலி செய்து திரும்ப அடுக்கினேன். அடுத்த வாரம் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கித் தேய்த்தேன். எங்கள் வீடு குன்னத்துக்குப் பக்கம், சுற்றிலும் மானாவாரிக் காடு. வீட்டில் நான், மகன், மருமகள், மூன்றே பேர். மூன்று பேருக்கு எவ்வளவுதான் வேலை இருக்கும்?

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இட்லியைப் பிட்டுக்கொண்டே மகன் சொன்னான்: "திருச்சியில வூடு பாக்கலாம்னு இருக்கோம்மா."

அவன் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலைக்கு வேலைக்குப் போகிறான். மருமகள் பெரம்பலூரில் தனியார் பள்ளி டீச்சர். திருச்சியிலிருந்து வந்துபோனால் இரண்டு பேருக்கும் பாதிப் பொழுது பஸ்ஸிலேயே கழியும். ஏன்டா என்றேன். தட்டைப் பார்த்துக்கொண்டு, "வெயிலும்மா. அவளால அந்த அடுப்படியில நிக்க முடியல" என்றான்.

அதை இல்லையென்று சொல்ல முடியாது. எங்கள் சமையலறை மேற்குப் பார்த்த கான்கிரீட் அறை. முந்தின நாள் வாங்கிய வெயிலை மறுநாள் காலை ஐந்து மணிக்கும் கக்கிக்கொண்டிருக்கும். அவள் கழுத்தெல்லாம் வேர்க்குரு. சமைத்து முடித்து, இன்னொரு தடவை குளித்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடுவாள். அவர்கள் போய்விட்டால் இந்த வீட்டில் தனியாக என்ன செய்வேன்? வெயில்தானே காரணம், வெயிலுக்கு ஒரு வழி செய்துவிட்டால் யார் போகப் போகிறார்கள்? அன்று மத்தியானமே கோலப்பொடி டப்பாவோடு கொல்லைக்குப் போனேன். வெளியில் ஒரு சமையலறை கட்டிவிடுவது என்று முடிவு செய்தாயிற்று.

பத்தடிக்கு எட்டடி என்று கோடு போட்டேன். அழித்தேன். வேப்பமரத்து நிழலுக்குத் தள்ளிப் போட்டேன். பூவும் சருகும் குழம்பில் கொட்டுமே என்று அதையும் அழித்தேன். நாலாவது தடவை கோடு போடும்போது, நான் சொல்லியனுப்பிய கொத்தனார் வந்துவிட்டார். வந்தவர் கோட்டைப் பார்க்கவில்லை, சூரியனைப் பார்த்தார்.

"அக்னி மூலையிலதான் அடுப்பு வரணும்மா. கெழக்கப் பாத்து நின்னு சமைக்கணும். இல்லன்னா நாளைக்கி எம்மேல பழி வரும்."

"மூலை கெடக்கட்டும், காத்து எந்தப் பக்கம் வருதுன்னு சொல்லுங்க" என்றேன். ஆடிக்காற்று எங்கள் ஊரில் மேற்கிலிருந்து மண்ணை வாரிக்கொண்டு வரும். பக்கத்துக் காட்டில் மக்காச்சோளம் அடிக்கிற மிஷின் ஓடினால் தூசு சோற்றில் வந்து உட்காரும். கடைசியில் அவருக்கு அவருடைய மூலையைக் கொடுத்தேன், மற்றதெல்லாம் என் இஷ்டம். மேற்குச் சுவர் முழு உயரம். மற்ற மூன்று பக்கமும் இடுப்பளவுச் சுவர், மேலே திறப்பு. தகரமும் வேண்டாம், சிமென்ட் சீட்டும் வேண்டாம், மேலே ஓடு. சூடு ஏறி வெளியே போக உச்சியில் ஒரு முழம் இடைவெளி. மேடைக்குக் கடப்பாக்கல் போடலாம் என்றார். கறுப்புக் கல்லில் சித்திரை வெயில் பட்டால் அடுப்பே வேண்டாம், அதிலேயே தோசை ஊற்றலாம் என்று வெளிர்நிறக் கல்லாகப் பார்த்து வாங்கினேன். இரண்டு பஸ் மாறி அரியலூருக்குப் போய், இடித்த வீட்டு ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எடுத்தேன்.

மேடையின் உயரம் மருமகளுக்குத் தோதாக இருக்க வேண்டும். அவள் இட்லித் தட்டில் மாவு ஊற்றும்போது பின்னால் நின்று, தரையிலிருந்து முழங்கைவரை டேப்பால் அளந்துகொண்டேன். திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் "உங்க இஷ்டம் அத்தை" என்பாள். எதற்கும் அந்த ஒரே பதில்தான். அதற்காகவே தங்கமான பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

ஐப்பசி, கார்த்திகையில் சாரல் அடித்தால் உள்ளேதான் சமைக்க வேண்டும். அதனால் பழைய அடுப்பை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, வெளியே வைக்கப் புதிதாக ஒன்று வாங்கினேன். கொத்தனார் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "உள்ள இருக்கறது அப்படியே இருக்கப் போவுதுங்களா?" இருக்கட்டும் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் இரண்டாவது அடுப்பு எரிந்தால் உலை பிரிந்தது, மகனும் மருமகளும் தனிக்குடித்தனம் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. சிங்க் தண்ணீர் வாழைக்கு ஓட வாட்டம் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தோன்றவே இல்லை.

அந்த நாட்களில் மருமகள் பள்ளியிலிருந்து வந்ததும், தோள்பையைக்கூட இறக்காமல் கொல்லைக்குத்தான் போவாள். "இங்க ஒரு சின்ன அலமாரி வெக்க முடியுமாண்ணே?" என்று கொத்தனாரிடம் அவளே கேட்டாள். பாத்திரம் கழுவும்போது பாட்டு வேறு. திருச்சிப் பேச்சு நின்றுபோனது. நம் யோசனை பலித்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

சித்திரையில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்ச ஏற்பாடு செய்தோம். காலையில் வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. திருமழபாடியிலிருந்து மருமகளின் அம்மாவும் அப்பாவும் இறங்கினார்கள். பின்னாலேயே குக்கர், குடம், அண்டா, அரிசி மூட்டை, புளி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தாம்பாளத்தில் உப்பும் மஞ்சளும்.

"என்ன சம்பந்தி இதெல்லாம்?"

சம்பந்தியம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "புள்ளைங்களத் தனியா வெக்கிறீங்க. எங்க வூட்டுச் சீர் இல்லாம எப்படிங்க? இப்படி நீங்களா மனசு வெச்சு செய்யறது யாருக்கு வரும்!" அவர் கண் கலங்கியிருந்தது.

"யாருங்க..." என்று ஆரம்பித்தேன். குரல் எகிறியது. ஒரே உலைதான், வெயிலுக்காகக் கட்டினது என்று சொல்ல வாயெடுத்தபோது மருமகளின் முகம் கண்ணில் பட்டது. பட்டுப்புடவை கட்டி, கையில் பால் பாத்திரத்தோடு நின்றாள். வரிசையில் நின்று தட்டை நீட்டுகிற பிள்ளையிடம் முட்டை தீர்ந்துபோச்சு என்று சொன்னால் முகம் எப்படிப் போகும்? அப்படிப் போனது. மகன் தரையைப் பார்த்தான்.

அவர்களைத் திருச்சிக்கு விரட்டியது வெயில் இல்லை. நான்தான்.

முதலில் வந்தது கோபம். என் வீட்டில், என் முதுகுக்குப் பின்னாலேயே இப்படி ஒரு ஆசையா என்று கொதித்தது. அப்புறம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஆறு வருஷமாக அவள் இறக்கிவைத்த ஒரு குழம்பைக்கூட மூடி திறந்து பார்க்காமல் நான் விட்டதில்லை. உப்பைச் சேர்த்தேன், புளியைத் தணித்தேன், அவள் வைத்த டப்பாவை இடம் மாற்றினேன். அவள் இஷ்டத்துக்கு அவளைச் சமைக்கவே விட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட வலித்தது. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லோடு ஆட்டோவின் பக்கம் திரும்பினேன். "யாருங்க சீர் வேணாம்னு சொல்வாங்க? எறக்குங்க, வெயில் ஏறுது."

பால் பொங்கியது. எந்தச் சாமான் எங்கே போக வேண்டும் என்று நான் வாய் திறக்கவில்லை. கை மட்டும் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தது.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அந்தப் பழைய புழுக்கத்தில் எனக்கு மட்டும் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். கிண்ணத்தைத் தட்டால் மூடிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரி மாதிரி மருமகள் வாசற்படியில் வந்து நின்றாள். "சாம்பார் வெச்சேன் அத்தை." உள்ளே வந்தவள் திரும்பிப் போகவில்லை. என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படி அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

சாம்பாரில் உப்பு கம்மி. எழுந்து எடுக்கத் துடித்த கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"நல்லாருக்கும்மா."

"நெஜமாவா அத்தை?"

ஆறு வருஷத்தில் அவள் சமையலை நல்லாயிருக்கு என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை என்று, அவள் கேட்ட விதத்தில்தான் எனக்குத் தெரிந்தது.