முனிரத்தினத்தின் மேட்டு மனை

எனக்குக் கார் கிடையாது. அதனால் முனிரத்தினத்தின் கதையைச் சொல்ல எங்கள் நகரில் என்னைவிடத் தகுதியான ஆள் இல்லை.

முடிச்சூரில் எங்கள் அடுக்குமாடிகள் நிற்கிற இடமெல்லாம் ஒரு காலத்தில் அவர் குடும்பத்து நெல் வயல். பாகம் பிரித்து, விற்று, கடைசியில் அவருக்கு மிஞ்சியவை இரண்டு. பின் தெருவில் ஒரு பழைய ஓட்டு வீடு, எங்கள் தெருமுனையில் ஒரு கிரவுண்டு காலி மனை. வீடு கட்டும்போது பள்ளத்தில் இல்லை. ரோட்டின் மேல் ரோடாகப் போட்டுக்கொண்டே போனதில் வாசற்படி தெருவுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஐப்பசியில் சேர்ந்தாற்போல் நன்றாகப் பெய்தால் அடுப்படி வரை தண்ணீர் வரும். 2015இல் ஓடு வரை வந்தது.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு அவர் மனைவி தையல்நாயகிக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. மழைக்காலத்தில் கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் அடுக்கி அவரை உயர்த்தி வைப்பார் முனிரத்தினம். தண்ணீர் ஏற ஏறச் செங்கலும் ஏறும். "இன்னும் ரெண்டு கல்லு வெச்சின்னா மோட்டுவளையத் தொட்ருவேன்யா" என்று அந்த அம்மாள் சிரிப்பார். அவருக்குச் சிரிப்பு வரும், இவருக்கு வராது.

அதனால்தான் தெருமுனை மனையில் லாரி லாரியாக மண் அடித்து ரோட்டைவிட உயர்த்தினார். அவளுக்கு அங்கே ஒரு வீடு, தண்ணீர் எட்டாத வீடு. வேறு எந்த ஆசையும் அந்த மனிதருக்கு இருந்ததாக எனக்குத் தெரியாது.

மண் அடித்த வருஷமே மழை எச்சரிக்கை வந்தது. எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் சத்யநாராயணன், பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், நான்கு பேரோடு முனிரத்தினத்தைப் பார்க்கப் போனார். வெள்ளத்துக்குப் பயந்து ஊரே கார்களைக் கொண்டுபோய் நிறுத்தி மேம்பாலம் எல்லாம் நிறைந்துவிட்டது, மழை விடுகிறவரை உங்கள் மேட்டில் கார்களை நிறுத்திக்கொள்கிறோம் என்று கேட்டார். அண்ணா என்று கூப்பிட்டுக் கேட்டார். அதுவரை எங்கள் வாட்ச்மேன்கூட முனிரத்தினத்தை யோவ் என்றுதான் கூப்பிடுவான். அந்த ஒரு அண்ணாவில் மனிதர் உருகிப்போனார். குடை பிடித்துக்கொண்டு நின்று ஒவ்வொரு வண்டிக்கும் ரைட்டு ஒடி, லெஃப்ட்டு ஒடி என்று வழி சொன்னார். அன்றைக்கு அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் மூன்று வரிசை செங்கல்.

மழை விட்டது. பாதி கார்கள் கிளம்பவில்லை. அடுக்குமாடியில் வீட்டுக்கு ஒரு காருக்குத்தான் இடம். இரண்டாவது கார் வைத்திருந்தவர்களுக்கு மனை வசதியாகிவிட்டது. தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்கள். அதோடு சரி. அடுத்த மழைக்கு யாரும் கேட்கவில்லை.

பிறகு வெளி ஆட்களின் வேனும் தண்ணீர் லாரியும் உள்ளே வர ஆரம்பித்தன. இங்கேதான் முனிரத்தினம் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். பெயின்டரைக் கூப்பிட்டு ஒரு போர்டு எழுதி நட்டார். 'வாகன நிறுத்தம். நகர்வாசிகளுக்கு மட்டும்.' உங்கள் பெயரைப் போடவில்லையா என்று நான் கேட்டேன்.

"நம்ம எடம்னு ஊருக்கே தெரியும் சார். பேரு வேற இன்னாத்துக்கு?"

ஊரில் மூன்று தலைமுறையாக இருப்பவன் அப்படித்தான் நினைப்பான். அவனைத் தெரிந்த ஊர் எப்போதோ காலி செய்துகொண்டு போனது அவனுக்குத் தெரியாது.

போன ஆவணியில் பிளான் அப்ரூவல் வந்தது. வாஸ்து பூஜைக்கு நாள் குறித்து, மனையைக் காலி செய்யச் சொல்லி வீடு வீடாகப் போய்ச் சொன்னார். தலையாட்டினார்கள். பூஜையன்று ஒரு கார் நகரவில்லை. ஒருவர் வெளிநாட்டில், ஒருவரின் சாவி மச்சானிடம், ஒருவர் போனையே எடுக்கவில்லை. மேஸ்திரி இழுத்த சுண்ணாம்புக் கோடு ஒரு காரின் அடியில் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தது. சமையலறை வரவேண்டிய மூலையில் உறை போட்ட கார் ஒன்று நின்றது.

சத்யநாராயணன் குரலை உயர்த்தாத மனிதர். "பட்டா உங்க பேர்லதான், யாரும் இல்லேன்னு சொல்லலை. ஆனா இது பார்க்கிங்னு போர்டு இருக்கே அண்ணா. அதைப் பார்த்துட்டுத்தான் ரெண்டு பேர் ஃப்ளாட்டே வாங்கினாங்க. போர்டு வெச்சதும் நீங்கதானே?"

நான் முனிரத்தினத்தோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். எஸ்.ஐ. நாற்காலி போட்டுத்தான் பேசினார். நோ பார்க்கிங் எல்லாம் ரோட்டுக்குத்தான், தனியார் இடத்தில் நிற்கிற வண்டியை நாங்கள் தூக்க முடியாது என்றார். நீங்களும் கை வைக்காதீர்கள், கீறல் விழுந்தால் கேஸ் உங்கள் மேல்தான் வரும் என்றும் சொன்னார். வக்கீல், கட்டாயம் ஜெயிப்பீர்கள், ஆனால் நாளாகும் என்றார். அதை வீட்டில் வந்து சொன்னபோது தையல்நாயகி சிரிக்கவில்லை. "நாளு யார்கிட்ட கீது?" என்றார்.

கார்த்திகையில் ஏரி நிரம்பித் தண்ணீர் வந்தது. காலையில் முனிரத்தினம் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து என்னைக் கூப்பிட்டார். செங்கல் தீர்ந்துவிட்டது. என் தரைத்தள வீட்டுக்குள்ளும் தண்ணீர். இருவருமாக அந்த அம்மாளை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு வந்தோம். மனை முழுக்கக் கார். கண்ணாடியோடு கண்ணாடி உரச நின்றன. எல்லாம் தண்ணீர் ஏறாத மண்ணில், உறை போர்த்திக்கொண்டு. நாற்காலி நுழைய இடமில்லை. அவரை இறக்கி இரண்டு கார்களுக்கு நடுவே நிற்க வைத்தோம். நிற்க முடியாமல் ஒரு பானெட் மேல் சாய்ந்தார். கார் அலறத் தொடங்கியது.

மூன்றாம் மாடியில் ஜன்னல் திறந்தது. "யாரு அது? வண்டி மேல சாயாதீங்க."

எனக்கு வாய்க்கு வந்ததைத் திட்டத் தோன்றியது. அதற்குள் முனிரத்தினம் மேலே பார்த்துக் கையைக் கூப்பிவிட்டார்.

"நாங்கதான் சார். தொட மாட்டோம்."

சொந்த மண்ணில் நின்றுகொண்டு சொன்னார். மழை விடும்வரை மனைவியைக் காரில் படாமல் தன் மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் இருவருக்கும் குடை பிடித்தேன்.

அந்த ஈரம் அந்த அம்மாளின் நெஞ்சில் தங்கிவிட்டது. தை பிறப்பதற்குள் போய்விட்டார். ஓட்டு வீட்டில் சேறு காயவில்லை, ஃப்ரீசர் பெட்டியை வைக்க வழியில்லை. மனையில்தான் பந்தல் போட வேண்டும் என்றார் மேளக்காரர். நான் தயங்கித் தயங்கித் தெருவுக்கு வந்தால் கார்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன. யாரும் சொல்லவில்லை. வெளிநாட்டில் இருந்தவரின் வண்டியைக்கூடத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சாவு வீட்டுக்கு மரியாதை செய்யத் தெரிந்தவர்கள்தான் நாங்கள். அரை மணி நேரத்தில் மனை காலி.

முனிரத்தினம் நடுவில் நின்று நாலாபுறமும் பார்த்தார். "தையலு, எவ்ளோ எடம் கீது பாரு" என்றார் பெட்டியைப் பார்த்து.

கருமாதி முடிந்து பந்தலைப் பிரித்தார்கள். சத்யநாராயணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, வண்டிகள் ரோட்டில் நிற்கின்றன, இனிமேல் விடலாமா அண்ணா என்று கேட்டார்.

"வுடுங்க சார்" என்றார் முனிரத்தினம். எழுந்து போய், பந்தல் கால் நட்ட குழிகளைக் காலால் மண் தள்ளி மூடினார். டயர் இறங்கிவிடக் கூடாதாம்.