கைக்காசு ஞாயிறும் பம்புப் பலகையும்

கறி வாங்க வழியில்லாமல்தான் நான் மீன் பிடித்தேன் என்று என் பேரப்பிள்ளைகள் சிநேகிதர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். கேட்கிறவர்களுக்கு மனசு இளகுமாம். அது பொய். எனக்கு ஆசையாக இருந்தது, போனேன். ஆசைக்கு மேலே ஒரு காரணம் எதற்கு?

மஞ்சூருக்குக் கீழே நாங்கள் வேலை செய்த தேயிலை எஸ்டேட்டில் ஒரு சின்ன ஏரி உண்டு. ஃபேக்டரிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு அதன் கரையில் இருந்தது. குழாயைப் பார்க்க வசதியாகத் தண்ணீருக்குள் பத்தடி தூரத்துக்குப் பலகை அடித்திருந்தார்கள். பம்புப் பலகை என்போம். அதன் நுனிக்குக் கீழேதான் ஜிலேபிக் கெண்டை அடையும். அந்தக் குளிரில் உள்ளங்கை அளவுக்கு மேல் வளராது. முள் அதிகம், சதை கொஞ்சம். வறுத்தால் வாலைக்கூட விட மனசு வராது.

ஐப்பசியில் கொழுந்து தள்ளிக்கொண்டு வரும். ஆறு நாளில் பறித்து முடியாது, ஞாயிறும் தேயிலைக் காட்டைத் திறப்பார்கள். பறித்ததற்கு அன்றைக்கே காசு கையில் கிடைக்கும் என்பதால் அதற்குக் கைக்காசு என்று பேர். போவதும் போகாததும் அவரவர் இஷ்டம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் எடை போடும் இடத்துக்கு, எங்களை வேலை வாங்குகிற மேஸ்திரி நோட்டோடு வருவார். நாளைக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்கமாட்டார். "வராதவங்க சொல்லிருங்க" என்பார். வாய் திறக்காதவர்கள் பேரெல்லாம் நோட்டில் ஏறிவிடும். நாலு பேர் நடுவில் எனக்கு வாய் வராது. கல்யாணமாகி அந்த எஸ்டேட் லைன் வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வருஷம், கொழுந்து நாளில் ஒரு ஞாயிறுகூட எனக்குக் கிடைத்ததில்லை.

அந்தச் சனிக்கிழமையும் வாய் வரவில்லை. பேர் ஏறிவிட்டது. ஆனால் விடிந்ததும் நான் கூடையை எடுக்கவில்லை. மூலையில் சாத்தியிருந்த தூண்டிலை எடுத்தேன்.

வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார். "மேஸ்திரி கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"மீன் புடிக்கப் போயிட்டாளுன்னு சொல்லுங்க."

நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போனார்.

பலகை பனியில் நனைந்து கிடந்தது. பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தேன். எதிர்க்கரை தெரியவில்லை. மண்புழுகூடக் குளிரில் விறைத்துப்போய்த் தூண்டில் முள்ளில் ஏற மாட்டேன் என்றது. கையை அக்குளில் வைத்து வைத்துச் சூடு பண்ணிக்கொண்டேன்.

பம்பு ஓட்டுகிற அண்ணன் தலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "பொம்பள நெழலு வுழுந்தா மீனு கிட்ட வராது, தெரியுமா தங்கச்சி?"

"வெய்யிலே இல்லீங்களே அண்ணா. நெழலு எங்கிருந்து வுழுகும்?"

அவரிடம் மட்டும் எனக்குப் பேச்சு வரும். சிரித்துவிட்டு ஒரு டம்ளர் பாலில்லாத வரட்டீ கொண்டுவந்து வைத்தார்.

குளிர் நாளில் மீன் தக்கையை இழுத்துக்கொண்டு ஓடாது. இரையை வாயில் வைத்துச் சும்மா இருக்கும். தக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் இரைதான் போகும். தூண்டில் நரம்பை ஆள்காட்டி விரலில் போட்டுக்கொள்ள வேண்டும். இலை இளசா முற்றலா என்று பார்க்காமலே சொல்கிற விரல் அது. எறும்பு ஊர்வது போல ஒரு அசைவு வரும், அப்போது சுண்ட வேண்டும். இரண்டு மீன் எடுத்திருந்தேன்.

கரையில் மேஸ்திரி சத்தம் கேட்டது.

"ஏம்மா! உம்பேரு நோட்டுல இருக்குது, நீ இங்க இருக்கற!"

நான் திரும்பவில்லை. தைரியத்தால் இல்லை, கழுத்து வரவில்லை.

"காது கேக்குதா இல்லியா? பதினொண்ணாம் நம்பர் காட்டுல உன்ற நெரை சும்மா கெடக்குது."

"மெதுவாப் பேசுங்க மேஸ்திரி, மீனு ஓடிப்போகுமில்ல" என்றார் பம்பு அண்ணன்.

"நீ பம்பப் பாரு!"

அந்த நேரம் பார்த்து விரலில் அசைந்தது. பதில் சொன்னால் மீன் போய்விடும். சுண்டினேன். நல்ல கனமான மீன், பலகையில் விழுந்து துள்ளியது.

"அமுக்கு, அமுக்கு! தண்ணிக்குப் போயிரப் போகுது!" என்று கத்தினார் மேஸ்திரி. நான் அமுக்கிய பிறகுதான் அவருக்குக் கோபம் ஞாபகம் வந்தது. "செரி, எந்திரி. வா."

மீனின் மேல் கையை வைத்துக்கொண்டே சொன்னேன். "நான் வர்றேன்னு சொல்லலீங்களே."

"வரலைன்னும் சொல்லலியே நீயி!"

"இப்பச் சொல்றேனுங்க. வரல."

"எழுதுனது எழுதுனதுதான்."

"அழிச்சுருங்க."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். நாளைக்குப் பேர் கூப்பிடும்போது பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் மேலே ஏறினார்.

அதற்குப் பிறகு ஒரு மீனும் வரவில்லை. பனி விலகிவிட்டது, எதிர்ச்சரிவில் கொழுந்து பறிக்கிற பெண்கள் தெரிந்தார்கள். அவர்களுக்கும் நான் தெரிவேன். இப்போது எழுந்தால் மேஸ்திரி சொல்லுக்கு எழுந்தது போலாகும். கால் மரத்துப்போனது, இடுப்பு பிடித்துக்கொண்டது. மத்தியானச் சங்கு ஊதும்வரை வெறும் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும்போது மேஸ்திரி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "மீன்காரம்மாவுக்கு அட்டைக் காடு" என்றார். ஓடையோரம் நேர்க்குத்தாக இறங்குகிற காடு அது. அட்டை கடித்த இடத்தில் சாயங்காலம்வரை ரத்தம் நிற்காது. பெண்கள் சிரித்தார்கள்.

"செரிங்க" என்றேன். "இனி ஞாயித்துக்கெழமைக்கு எம்பேரு எழுதாதீங்க."

"சனிக்கெழம கேக்கறப்ப வந்து சொல்லு."

"இப்பவே சொல்லிப்போட்டேனுங்க. எல்லா ஞாயித்துக்கும் சேத்தி."

இந்தத் தடவை சிரிப்பு அவரைப் பார்த்து வந்தது.

கார்த்திகை முடியும்வரை எனக்கு அட்டைக் காடுதான். அட்டை ஏறாமலிருக்கக் காலில் உப்புப் பொட்டலம் கட்டிக்கொண்டு இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை நோட்டில் அவர் என் பேரை எழுதவில்லை.