போர்டு போயிருச்சுங்களாம்

நாளை காலை எனக்கு வீடியோ இன்டர்வியூ. போனில் சார்ஜ் ஏறவில்லை. கருமத்தம்பட்டியிலிருந்து பஸ் பிடித்து, அப்பாவுடன் அந்தப் போனைச் செய்த பெரிய கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்தவர் போனைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "போர்டு போயிருச்சுங்க மேடம். புதுசு வாங்கிக்குங்க, எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்குதுங்க."

நான் வழக்கம்போல் தலையாட்டினேன்.

தறி ஓட்டும் அப்பா, என் துப்பட்டா ஊக்கை வாங்கிச் சார்ஜர் துளையை நோண்டினார். எங்கள் தறிப் பஞ்சு உருண்டையாக வந்தது. கவுண்டரில் இருந்த சார்ஜரிலேயே போனைச் செருகினார். சார்ஜ் ஏறியது.

"ஏனுங்க, நூல் அறுந்தா தறியவே மாத்தச் சொல்லுவீங்களா?"

"நீங்களே நோண்டினா வாரண்டி போயிருமுங்க."

பஞ்சு உருண்டையைக் கவுண்டரிலேயே வைத்துவிட்டு வந்தோம். எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்ளட்டும்.

உங்களிடம் எதெல்லாம் 'போயிருச்சு' என்றார்கள்?