அவன் கழற்றாத ஹெல்மெட்

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு மே மாத விடுமுறையில், திண்டுக்கல்லிலிருந்து கன்னிவாடி போகும் வழியில் வற்றிக் கிடந்த ஒரு குளத்துக்குள் நடந்தது இது. அப்போது நான் வெளியூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே அமெரிக்கன் ஃபுட்பால் அணி ஆரம்பித்து இரண்டாவது வருடம். அணியில் திண்டுக்கல் பக்கத்துப் பையன்கள்தான் அதிகம் என்பதால், லீவு விட்டதும் இங்கேயே பயிற்சி வைத்துக்கொண்டோம்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இது காலால் உதைக்கிற ஆட்டம் இல்லை. இரண்டு முனையும் கூம்பிய பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும். எதிரணிக்காரர்கள் வந்து மோதி ஆளையே கீழே சாய்ப்பார்கள். அதற்காகத் தலைக்கு ஹெல்மெட், தோளுக்குக் கவசம் எல்லாம் உண்டு. குளத்துக்குள் ஆடு மேய்க்க வந்தவர்கள் எங்கள் கோலத்தைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் களைத்துப்போவார்கள். சிரிக்கட்டும், எங்கள் ஆட்டமும் அந்த லட்சணத்தில்தான் இருந்தது. முதல் வருடம் போன இடமெல்லாம் தோற்று, பஸ்ஸில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி திரும்பி வந்தவர்கள் நாங்கள்.

ஹெல்மெட்டும் பாதிப் பேருக்குத்தான் இருந்தது. யாரோ எங்கேயோ போட்டுக் கழித்தவை. அதனால் இரண்டு பேருக்கு ஒரு ஹெல்மெட் என்று ஜோடி பிரித்துக்கொண்டோம். ஒருவன் ஆடும்போது அவன் ஜோடி வெளியே நிற்பான். ஆள் மாறும் நேரத்தில் ஆடியவன் ஓடி வந்து தலையைக் குனிவான். ஜோடிக்காரன் இரண்டு கையாலும் ஹெல்மெட்டை உருவி, வேர்வையோடு அப்படியே தன் தலையில் மாட்டிக்கொண்டு ஓடுவான். இதற்கு நாங்கள் வைத்த பெயர் 'தலை மாத்துறது'. ஆட்டம் வந்ததோ இல்லையோ, தலை மாற்றுவதில் எங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

என் ஜோடி சின்னாளப்பட்டிக்காரன். வீட்டில் தறி ஓடியது. எனக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் பழக்கம் உண்டு. "ஏலே, எண்ணெய தேச்சுக்கிட்டு வராதடா, போட்டா வழுக்குது" என்று தினமும் திட்டிக்கொண்டே மாட்டுவான். அவன் வேர்வை நாற்றத்தைப் பற்றி நானும் சும்மா இருந்ததில்லை.

அன்று பயிற்சியாளர் ஊரில் இல்லை. நாங்களாகவே இரண்டாகப் பிரிந்து ஆடினோம். பந்தோடு ஓடிய என்னை இரண்டு பேர் ஒரே நேரத்தில் மோதினார்கள். தலையைக் குனிந்துகொண்டு மோதாதே என்று பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னதுதான். குனிந்துவிட்டேன். கழுத்துக்குள் ஏதோ நெரிந்தது. தோளிலிருந்து விரல்நுனி வரை கரண்ட் அடித்த மாதிரி ஒரு வலி ஓடியது. அப்புறம் ஒன்றுமே இல்லை. மல்லாந்து கிடக்கிறேன், வானம் தெரிகிறது, கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

முதலில் ஓடி வந்தவன் அவன்தான். பழக்க தோஷம், அவன் இரண்டு கையும் வந்து ஹெல்மெட்டின் இரண்டு பக்கமும் பிடித்தன. உருவப்போகிறான் என்று நினைத்தேன். உருவினால் போதும் என்றிருந்தது, அவ்வளவு மூச்சுமுட்டல். "கழட்டுடா" என்றேன். பிடித்த கை பிடித்தபடி அப்படியே நின்றது.

"முடியாதுடா. கழுத்துல அடின்னா தலையத் தொடக் கூடாதுன்னு கோச் சொன்னார்ல" என்றான். முதல் நாள் வகுப்பில் அவர் அதைச் சொன்னபோது நாங்கள் எல்லோரும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தோம். அவனும்தான் கொட்டாவி விட்டான். எப்படி ஞாபகம் வைத்திருந்தானோ தெரியவில்லை.

என் தலைமாட்டில் மண்டிபோட்டு, ஹெல்மெட் அசையாமல் பிடித்துக்கொண்டான். கூட்டம் கூடிவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள், ஆட்டுக்காரர்கள், எங்கள் பையன்கள், எல்லோருக்கும் பதற்றம், எல்லோருக்கும் உதவி செய்ய ஆசை. "தூக்கி உக்கார வைங்கப்பா." "மூஞ்சில தண்ணியத் தெளிங்க." "காத்து வரட்டும், அந்தச் சனியனக் கழட்டு மொதல்ல." ஒருவர் என் தோளுக்கடியில் கையைக் கொடுத்தே விட்டார். அவன் வாயில் வந்த கெட்ட வார்த்தையை இங்கே எழுத முடியாது. அவர் கையை எடுத்துவிட்டார்.

பையன்கள் போன் செய்து கூப்பிட்ட ஆம்புலன்ஸ் குளத்துப் பாதையைக் கண்டுபிடிக்க முடியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு முன் சேதி கேட்டு என் அப்பா பைக்கில் வந்து சேர்ந்துவிட்டார். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மாதா கோயிலில் பூசைக்குப் பிந்தி வருகிறவர்களைக்கூடத் திரும்பிப் பார்த்து முறைக்கிற ஆள். "சேசுவே" என்று கத்திக்கொண்டு வந்தவர், என்னைப் பார்த்ததும் நிதானமிழந்துவிட்டார்.

"எடுறா கைய! எம் புள்ளைக்கு மூச்சு முட்டுதுடா!"

"சார், கழட்டக் கூடாது சார்."

அப்பா அவனை அறைந்தார். சத்தம் எனக்கு ஹெல்மெட்டுக்குள் கேட்டது. அவன் கை அசையவில்லை. மறுபடியும் அறைந்தார்.

"அடிங்க சார். எம்புட்டு வேணாலும் அடிங்க. அவன் தலைய மட்டும் தொடாதீங்க" என்றான். அழுதுகொண்டுதான் சொன்னான். கண்ணீர் ஹெல்மெட்டின் முகக் கம்பிக்குள் விழுந்து என் மூக்கில் வழிந்தது. துடைக்க அவனுக்குக் கை ஒழியவில்லை, எனக்குக் கையே இல்லாத மாதிரி இருந்தது. செத்துப்போய்விடுவேன் என்று அப்போதுதான் பயந்தேன்.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து பலகையில் கட்டி ஏற்றிய பிறகுதான் அவன் எழுந்தான். முழங்கால் பூராவும் நெருஞ்சி முள். ஆஸ்பத்திரியில் இரண்டு டாக்டர்கள் சேர்ந்து நிதானமாக ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். கழுத்து எலும்பில் விரிசல். பெரிய டாக்டர் அப்பாவிடம், "அசைக்காம கொண்டுவந்ததால தப்பிச்சான். கழட்டுறேன்னு யாராவது இழுத்திருந்தா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்றார்.

பல மாதம் கழுத்துப்பட்டையோடு கிடந்து எழுந்தேன். இடது கைச் சுண்டுவிரல் மட்டும் இன்றைக்கும் மரத்தே இருக்கிறது. அதோடு என் ஆட்டம் முடிந்தது. அவன் என்னைப் பார்க்க அடிக்கடி வருவான். ஆனால் அப்பா பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து வருவான். "சார் கைய்யி நல்ல கனம்டா" என்று கன்னத்தைத் தடவிச் சிரிப்பான். அப்பாவோ, "ஒரு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு சின்னாளப்பட்டி போயிட்டு வருவோம். அந்தத் தம்பிகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகள் வந்து வந்து போயின. வெட்கம்தான், வேறொன்றுமில்லை.

படிப்பு முடிந்து அவனுக்கு வத்தலக்குண்டில் ஒரு வேலை கிடைத்தது. தினமும் பைக்கில் போய் வந்தான். ஹெல்மெட் இல்லாமல் தெருமுனைக் கடைக்குக்கூட வண்டியை எடுக்க மாட்டான். "இப்பத்தாண்டா எனக்கே எனக்குன்னு ஒண்ணு" என்பான்.

ஒரு மழைநாள் காலையில், வத்தலக்குண்டு சாலையில், வண்டி வழுக்கி விழுந்துவிட்டான். மத்தியானம் எனக்குச் செய்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அப்பாவும் நானும் சின்னாளப்பட்டிக்குப் போனோம். அது ஞாயிற்றுக்கிழமை இல்லை. வாசலில் சாமியானா பந்தலுக்குக் கீழே, குளிர்பெட்டிக்குள் கிடந்தான். அவன் அம்மா என்னைப் பார்த்ததும், "யாத்தே, ஒன்ன காப்பாத்துனவன் போயிட்டானே" என்று கதறினார்கள். எனக்கு அங்கே நிற்கவே கூசியது.

சாலையோரத்தில் டீக்கடை வைத்திருப்பவர் ஒருவர் வந்திருந்தார். அவன் விழுந்தது அவர் கடைக்கு எதிரில்தானாம். கடையைப் பூட்டிவிட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். எங்களைச் சொந்தக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு சொன்னார்:

"நாந்தேன் மொதல்ல ஓடுனேன் சார். தம்பிக்குப் பேச்சு இருந்துச்சு. காத்து வரட்டும்னு ஹெல்மெட்ட இழுத்துக் கழட்டுனேன். கழட்டாதீங்கன்னு என்னமோ சொல்லுச்சு, வலில சொல்லுதுன்னு நெனச்சேன். தூக்கி உக்கார வச்சு, தண்ணி குடுத்து, ஆட்டோல ரெண்டு பேருக்கு நடுவுல வச்சுக் கொண்டு போனோம். வழியெல்லாம் தல தொங்கிக்கிட்டே வந்துச்சு சார். நான் ஏதும் தப்பு பண்ணலேல்ல சார்?"

அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இல்லய்யா. பெத்த தகப்பன் எப்படிச் செய்வானோ அப்படித்தான் செஞ்சிருக்கீங்க" என்றார். என் அப்பா சொன்னதிலேயே உண்மையான வார்த்தை அதுதான். அன்று குளத்துக்குள் அவரும் அதைத்தானே செய்யப் பார்த்தார்?

அதனால்தான் போனான் என்று என்னால் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியிலும் அப்படி யாரும் சொல்லவில்லை. எப்படியும் போயிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை, போகவும் போகாது.

அப்பா பெட்டியின் தலைமாட்டுக்குப் போனார். கண்ணாடிக்கு மேலே, அவன் தலைக்கு இரண்டு பக்கமும் கைகளை வைத்துக்கொண்டு நின்றார். பெட்டியிலிருந்து அவனை எடுக்கிறவரைக்கும் கையை எடுக்கவில்லை. இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஒரு வார்த்தையும் பேசவில்லை.

எங்கள் அணி இன்னும் இருக்கிறது. இப்போது எல்லோருக்கும் தனித்தனி ஹெல்மெட் உண்டாம், ஜெயிக்கவும் செய்கிறார்களாம். படங்கள் அனுப்புவார்கள், நான் திறந்து பார்ப்பதில்லை.

சாலையில் எங்காவது கூட்டம் கூடியிருந்தால் மட்டும் வண்டியை நிறுத்திவிடுகிறேன். கூட்டத்துக்குள் புகுந்து, விழுந்து கிடப்பவரின் தலைமாட்டில் மண்டிபோட்டு, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொள்கிறேன். திட்டுகிறார்கள், சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை நான் கையை எடுப்பதில்லை. அப்படி உட்காரும் ஒவ்வொரு முறையும், அன்று அந்த மழையில், வத்தலக்குண்டு சாலையில், அவன் தலைமாட்டில் இப்படி ஒருத்தர் உட்கார்ந்திருக்கக் கூடாதா என்றுதான் மனது அடித்துக்கொள்கிறது.