அண்ணி கோட்டை பார்க்கக் கிளம்பிய நாள்

அண்ணிக்கு ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசை ஒரு நாளும் இருந்ததில்லை. மைசூருக்கு வாழவந்து ஏழெட்டு வருஷமாகியும் தசரா ஊர்வலத்தை ஒரே தடவைதான் பார்த்திருந்தாள். அதுவும் பாதியிலேயே தலைவலி என்று திரும்பிவிட்டாள். அப்படிப்பட்டவள், அண்ணன் பரீட்சைத் தாள் திருத்தப் பெங்களூருக்குப் போன மறுநாள் என்னிடம் வந்து, "சீரங்கப்பட்டணம் போயி கோட்டை, அரமணையெல்லாம் பாத்துட்டு வரலாமா அம்மணி?" என்று கேட்டபோது, எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் சந்தேகம்தான் வந்தது.

நான் அப்போது நர்ஸ் பயிற்சி முடித்து, ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அண்ணன் கணக்கு வாத்தியார். எங்களுக்கு அப்பா அம்மா இல்லாததால் நான் அண்ணன் வீட்டிலேயே இருந்தேன். அண்ணி ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். அந்தப் பக்கம் அப்போது மைசூர் சமஸ்தானத்தில் சேர்ந்ததில்லை, கோயமுத்தூர் ஜில்லா. அண்ணன் கொள்ளேகாலில் வேலை பார்த்த காலத்தில் இருவருக்கும் பிடித்துப்போய், அவள் ஞானஸ்நானம் வாங்கி அவரைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய அப்பா அன்றைக்கே மகளைத் தலைமுழுகிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பேச்சே எங்கள் வீட்டில் எழுந்ததில்லை.

கொஞ்ச நாளாகவே அண்ணியின் போக்கு சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை கறி சமைத்தாள், எங்களுக்குப் பரிமாறினாள், தான் மட்டும் மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. நர்ஸ் புத்தி சும்மா இருக்குமா? பிள்ளை உண்டாகியிருக்கிறாளோ என்று நினைத்து, "சும்மா கேக்கறேன் அண்ணி, ஏதாவது விசேஷமா?" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. வெங்காயம் அரிஞ்சேன்" என்றாள். அன்றைக்கு வெங்காயமே அரியவில்லை.

இப்போது கோட்டை பார்க்கப் போகலாம் என்கிறாள். அதுவும் அண்ணன் ஊரில் இல்லாதபோது. எனக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள், பெண் பார்க்க வருகிறவர்களை அரண்மனைத் தோட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று தீர்மானித்தேன். அப்போது அப்படிச் செய்கிற வழக்கம் உண்டு. பெண்ணுக்குத் தெரியாமல் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். விடிந்ததும் சமையலறையில் எட்டிப் பார்த்தேன். பெரிய தூக்கு நிறையப் புளிச்சோறு. இரண்டு பேருக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டதற்கு, "வழியில பசிக்கும்" என்றாள். வேண்டுமென்றே நான் இருப்பதில் பழைய புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றேன். அவள் கவனிக்கவேயில்லை. அவளும் ஒரு வெளுத்த புடவையில்தான் இருந்தாள், பூக்கூட வைக்கவில்லை. பெண் காட்டப் போகிறவள் இப்படியா கிளம்புவாள் என்று அதுவும் உறுத்தியது.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ரயிலை விட்டு இறங்கி, ஜட்கா பிடித்து முதலில் தரியா தௌலத்துக்குப் போனோம். சுல்தான் வெயில் காலத்தில் தங்குவதற்காகக் கட்டிய மாளிகை. தோட்டத்து நடுவில், சுற்றிலும் பச்சை மூங்கில் தட்டி கட்டி, வெளியிலிருந்து பார்த்தால் பெரிய பந்தல் மாதிரி இருக்கும். உள்ளே சுவரெல்லாம் சித்திரம். காவல்காரர் கன்னடத்தில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். சுல்தான் ஜெயித்த சண்டை ஒரு சுவர் முழுக்க இருந்தது. தோற்ற வெள்ளைக்காரத் தளபதி பல்லக்குக்குள் விரலைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். அதைக் காட்டி நான் அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்க்கவில்லை. தூண்களுக்கு அப்பால் தோட்டத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே ஒருவன் நின்றிருந்தான். வேட்டி, பழுப்புக் கோட்டு, தலைப்பாகை. இருபது வயதுக்கு மேலிருக்காது. எங்களைப் பார்ப்பதும், நான் பார்த்தால் சைப்பிரஸ் மரத்தைப் பார்ப்பதுமாக இருந்தான். மாப்பிள்ளை இவன்தானா என்று முறைத்தேன். அவன் வியர்வையைத் துடைக்கத் தலைப்பாகையைச் சற்றே தூக்கினான். அடியில் மழமழவென்று மொட்டைத் தலை. மொட்டையடித்துக்கொண்டு யாரும் பெண் பார்க்க வரமாட்டார்கள். டைபாய்டில் கிடந்து எழுந்தவனா, இல்லை ஜெயிலிலிருந்து வந்தவனா என்று யோசித்தேன்.

"அண்ணி, அந்தத் தலைப்பாக்காரரைத் தெரியுமா?"

"யாரை?"

"வாசல்ல நிக்கறாரே."

"எனக்கு இங்க யாரத் தெரியும்?" என்று சட்டென்று சொல்லிவிட்டு, சித்திரத்தைப் பார்க்கத் திரும்பினாள். அவள் காது சிவந்திருந்தது.

அதோடு கல்யாணப் பேச்சு என்கிற எண்ணம் போய், அதைவிட மோசமான ஒன்று மனதில் புகுந்தது. அண்ணன் ஊரில் இல்லை. துணைக்கு என்னை அழைத்து வந்தது, நாளைக்கு யாராவது கேட்டால் நாத்தனாரோடுதான் போனேன் என்று சொல்வதற்கா? நினைக்கவே அசிங்கமாக இருந்தது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

அங்கிருந்து கோட்டைக்குள் போனோம். கைதிகளைக் கட்டிவைத்த பாதாளச் சிறை ஆற்றோரத்து மதிலை ஒட்டி இருக்கிறது. படியிறங்கிப் போக வேண்டும். அண்ணி மேலேயே நின்றுகொண்டாள்.

"நீ போயி நல்லாப் பாத்துட்டு வா. எனக்கு வெயில்ல கிறுகிறுங்குது."

இறங்கினேன். வெள்ளையடித்த வளைவுகள், சுவரில் கைகளைப் பிணைக்கத் துளையிட்ட கற்கள். நின்று பார்க்க மனசில்லை. உடனே மேலே வந்தேன். அண்ணியைக் காணோம். அவளும் அந்தத் தலைப்பாக்காரனும் மதிலோரமாக வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். தூக்கை அவன் வாங்கிச் சுமந்துகொண்டிருந்தான்.

பின்னாலேயே போனேன். மதிலைக் குடைந்து ஆற்றுக்கு இறங்கும் வாசல் ஒன்று உண்டு, நீர்வாசல் என்பார்கள். உள்ளே இருட்டு, வௌவால் நாற்றம். அந்தப் பக்கத்து வெளிச்சத்தில் காவிரியும் படிக்கட்டும் தெரிந்தன. முதலில் அவன் குரல் கேட்டது.

"வெரசா போக்கா. சித்தப்பா சத்திரத்துல சாப்பிட உக்காந்துட்டாரு. எந்திரிச்சாருன்னா எங்களைத் தேடி வந்துருவாரு."

அக்கா என்கிறானே என்று நான் திகைத்து நிற்கையில், வயதான பெண்ணின் குரல் உயர்ந்தது.

"வந்துட்டியா கண்ணு? அப்பனைக் கரைச்சாச்சு சாமி. காலையில பச்சிமவாகினித் துறையில கரைச்சாச்சு."

அண்ணி அழுத சத்தம் அந்த வளைவு முழுக்கக் கேட்டது. கறி தின்னாதது, வீங்கின கண், அந்தப் பையனின் மொட்டை எல்லாம் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. அவன் அவள் தம்பி. அப்பா செத்த செய்தியைக் கொள்ளேகாலிலிருந்து வந்த பட்டு வியாபாரி ஒருவர் மூலம் அவன்தான் சொல்லி அனுப்பியிருந்தான் என்று பிறகு தெரிந்தது. எங்களிடம் மறைத்து, எங்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டே அவள் துக்கம் காத்திருக்கிறாள்.

என் செருப்புச் சத்தம் கேட்டுத் தம்பி பாய்ந்து வந்தான். "யாருங்க நீங்க? எதுக்கு எங்க பின்னாலயே வர்றீங்க? வாத்தியார் அனுப்பிச்சாரா?"

"என்ற நாத்தனார்டா" என்றாள் அண்ணி. மைசூர் வந்த பிறகு 'என்' என்பதை ஊர் வழக்கில் 'என்ற' என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

படியில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கழுத்துச் சிலுவையில் கண் நின்றது. என்னிடம் பேசாமல் மகளைக் கேட்டார். "இவ போயிச் சொல்லிப்போடுவாளா?"

அண்ணி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கே தெரியவில்லை என்பது எனக்கு வலித்தது.

"நான் மேல நிக்கறேன். யாராவது வந்தா பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கையில் தடியோடு உயரமான ஒருவர் வந்தார். "ஏனுங்க அம்மணி, இந்தப் பக்கமா ஒரு வயசான அம்மா வந்தாங்களா? கூட மொட்டையடிச்ச பையன் ஒருத்தன்."

எனக்குத் தமிழ் வராது என்று கன்னடத்தில் சொன்னேன். அவர் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் திரும்பக் கேட்டார். கீழே பெண்கள் குளிக்கிறார்கள், போகக்கூடாது என்றேன். அவர் நகரவில்லை. பீடி பற்றவைத்துக்கொண்டு என்னையும் இருட்டையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கே அண்ணியின் அழுகை மேலே கேட்டுவிடுமோ என்று வாசலை அடைத்தாற்போல் நகர்ந்துகொண்டேன். அவர் பீடியைத் தேய்த்துவிட்டு, என் கழுத்துச் சிலுவையைப் பார்த்து, "இந்த வேதக்காரிகளை நம்பவே கூடாது" என்று தமிழில் தனக்குள் சொல்லிக்கொண்டு கோயில் பக்கமாக நடந்தார். புரியாதவள் மாதிரி நின்றேன்.

திரும்பி வரும் ரயிலில் அண்ணி என்னைப் பார்க்காமலே கேட்டாள். "அண்ணங்கிட்டச் சொல்லுவியா?"

"அவர்கிட்ட ஏன் மறைக்கணும்? அவர் வேண்டாம்னா சொல்லியிருப்பார்?"

"உங்கண்ணன் கை ஒடிஞ்சுதே, ஞாபகம் இருக்குதா?"

"சைக்கிள்ல விழுந்தப்பவா?"

"சைக்கிள்ல விழல. எங்கப்பன்கிட்டச் சமாதானம் பேசப் போனாரு. எங்காளுக அடிச்சு அனுப்பிச்சாங்க. அந்த மனுசனுக்கு முன்னால உக்காந்து எங்கப்பனுக்காக நான் எப்படி அழுவேன், சொல்லு."

அண்ணனிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. அண்ணன் ஊரிலிருந்து வந்த மறுநாள் காலை, அண்ணி தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து என்னிடம் மெதுவாக, "சீரங்கப்பட்டணம் போனீங்களாமே. அவ அம்மாவைப் பாத்தாளா?" என்று கேட்டார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். பட்டு வியாபாரி அண்ணனிடமும் சொல்லியிருக்கிறார், அதுவும் செய்தி வந்த அன்றைக்கே.

"அவளே சொல்லுவான்னு பாத்தேன். சொல்லலை. என்னை நம்பலையோன்னு நானும் கேக்கலை. நான் இருந்தா போகமாட்டா. அதான் தாள் திருத்தறேன்னு கிளம்பிட்டேன்."

"தாளே இல்லையா?"

"இருந்துது. இங்கயே திருத்தியிருக்கலாம்."

ஒரே வீட்டில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் வேவு பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருந்திருக்கிறோம் என்று நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அண்ணி குடத்தோடு வந்ததும் அண்ணன் எழுந்து போய் அதை இறக்கி வைத்தார். நான் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வெளியே வந்துவிட்டேன். சாயங்காலம் திரும்பியபோது அண்ணி வாய்விட்டு, என் முன்னாலேயே, அப்பாவுக்காக அழுதுகொண்டிருந்தாள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த தசராவுக்கு அவள் அம்மா தம்பியோடு மைசூர் வந்தார். அரண்மனை தீபாலங்காரம் பார்க்க என்று ஊரில் சொல்லிவிட்டு வந்ததாகத் தம்பி சொன்னான். கூடத்தில் அண்ணன் நின்றுகொண்டிருக்க, அந்த அம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பி, "மாப்பிள்ளை கை இப்ப நல்லா இருக்குதான்னு கேளு" என்று மகனிடம் சொன்னார். "நல்லா இருக்குன்னு சொல்லுங்க" என்று அண்ணனும் மச்சானைப் பார்த்தே பதில் சொன்னார். இரண்டு நாளும் பேச்சு அப்படித்தான் போயிற்று. என்னை மட்டும் அந்த அம்மாள் கடைசிவரை நம்பவில்லை. நான் எந்தப் பக்கம் போனாலும் கண் கூடவே வந்தது.