சர்க்கார் வாங்கிய தண்டவாளம்

1944, ஐப்பசி. காலை ஏழே காலுக்குத் தட்டப்பாறையில் ரயில் ஏறினேன். தூத்துக்குடிக்குப் பத்து மைல் சொச்சம். மூன்றாம் வகுப்பு மூன்றணா. யுத்தத்தினால் வண்டிகள் குறைந்துவிட்டன. காலிக் கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டே போனேன்.

போன காரியம் இது. என் அப்பா இந்தப் பாதையில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன். வேலை செய்யும்போதே டிராலி மோதி இறந்தார். ரயிலை நடத்திய கம்பெனியின் வெள்ளைக்கார இஞ்சினியர் துரை நேரில் வந்து, ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஒரு மைலில் உள்ள ரயில்வே கேட்டையும் அதை ஒட்டிய குடிசையையும், இனி உனக்குத்தான் என்று வாயால் சொல்லி, அம்மாவிடம் ஒப்படைத்தார். கேட் காக்கும் அந்தச் சம்பளத்தில்தான் நாசரேத்தில் பெண்கள் பள்ளியில் வாத்தியார் பயிற்சி படிக்கிறேன். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். இந்த ஏப்ரலில் கம்பெனி போய், பாதை முழுவதும் சர்க்கார் கைக்கு வந்தது. போன வாரம் மேஸ்திரி வந்து, கேட்டுக்கு வேறு ஆள் வருவதாகவும் குடிசையைக் காலி செய்ய வேண்டும் என்றும் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மீளவிட்டான் ஸ்டேஷனில் உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் கருவாடு விற்றுத் திரும்பும் கடற்கரைக்காரி ஒருத்தி.

"அதிகாரிகிட்ட நியாயம் கேக்கப் போறேன் அக்கா. முன்னாலன்னா லாபத்துக்கு நடத்துன கம்பெனி. இப்ப ரயில் ஜனங்களுக்குச் சொந்தம்" என்றேன்.

அவள் கூடையைத் தட்டிச் சிரித்தாள். "ஏளா, கடலுக்கடியில கெடக்க முத்துச்சிப்பிப் பாரும் சங்கும் எங்க பாட்டன் காலத்துலேருந்து சர்க்காருக்குத்தான். எங்க வீட்டுக்காரரு மூச்சடக்கி முங்கி எடுக்காரு. ஒரு சங்க வீட்டுக்குக் கொண்டாந்தா போலீசு வாரான். நீ என்னடான்னா ரயிலே உனக்குச் சொந்தம்னு சொல்லுத!"

பெட்டியே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. படிக்காதவள் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டு மணிக்குத் தூத்துக்குடி. உப்புக் குவியல்களைத் தாண்டினால் கடல். கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் வெகு தூரத்தில் நிற்க, தோணிகள் பஞ்சுப் பொதிகளைச் சுமந்து போய்க்கொண்டிருந்தன. ரயில்வே ஆபீஸ் வராந்தாவில் பன்னிரண்டு மணி வரை நின்றேன். அதிகாரி தமிழர்தான். உட்காரச் சொன்னார், தண்ணீர் தரச் சொன்னார். முழுவதையும் கேட்டார்.

"துரை வாயால சொன்னது கம்பெனியோட போச்சும்மா. கேட்டுக்கு நிரந்தர ஆம்பிளை ஆளு போட்டாச்சு. ஒண்ணாந்தேதி வாரான்."

"தண்டவாளம் போகலையே சார்? கேட் போகலையே?"

"தண்டவாளத்த சர்க்கார் வாங்கிக்கிட்டுது. துரையோட சொல்லை வாங்கல." பைலை மூடிக்கொண்டே, "படிச்ச பொண்ணு, உனக்குப் புரியும்" என்றார்.

புரிந்தது. அதுதான் தாங்கவில்லை. கத்தியிருக்கலாம், காலில் விழுந்திருக்கலாம். இரண்டையும் செய்யாமல் "சரிங்க சார்" என்று எழுந்தேன்.

மாலை வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மழை தூறியது. கம்பெனி காலத்தில் ஓடிய அதே பெட்டி, அதே டிரைவர், அதே மெதுவான ஓட்டம். ஊருக்குக் கிட்டத்தில் கேட் வந்தது. அம்மா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, பச்சைக்கொடியை நீட்டி நின்றாள். கடைசிப் பெட்டி தாண்டும்வரை கொடியை இறக்கக் கூடாது. ஒவ்வொரு ஜன்னலிலும் என்னைத் தேடினாள். நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

வண்டி அங்கே நிற்காது. ஸ்டேஷனில் இறங்கி, தண்டவாளத்தின் ஓரமாக ஒரு மைல் அவளிடம் திரும்பி நடக்க வேண்டும்.