‘இடைவேளை’ப் பகுதிக்கு நான் போட்ட ஓட்டு

ஆசிரியர்களுக்கான இணைய விவாதத் தளம் ஒன்றில் நான் பல வருடங்களாக இருக்கிறேன். அரசாணை, சம்பள நிலுவை, ஓய்வூதியம், பணிமாறுதல் என்று பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் கீழே ‘இடைவேளை’ என்று ஒரு பகுதி. அங்கே விளையாட்டுதான். அதிலும் ‘மேலே இருப்பவர்’ என்ற விளையாட்டுக்குத்தான் கூட்டம். நமக்கு முன்னால் பதிவு போட்டவரைப் பற்றி ஏதாவது ஒன்றை ஊகித்து எழுத வேண்டும். அவர் வந்து சரி அல்லது தப்பு என்று சொல்லிவிட்டு, தனக்கு மேலே இருப்பவரைப் பற்றி ஊகிப்பார். அவ்வளவுதான். இதில் வெட்கமில்லாமல் விழுந்து கிடந்தவர்களில் நானும் ஒருத்தி.

என்னைக் குறை சொல்ல வருகிறவர்கள் முதலில் என்னோடு ஒரு நாள் பஸ்ஸில் வரட்டும். வீடு திண்டுக்கல் நாகல் நகரில், பள்ளிக்கூடம் தொப்பம்பட்டிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். விடிந்தும் விடியாமலும் பழனி பஸ் ஏறி, ஒட்டன்சத்திரத்தில் இறங்கி, இன்னொரு பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்து போய்ச் சேர வேண்டும். சாயங்காலம் அதே பாடு. அந்த நெரிசலில் அரசாணையா படிக்க முடியும்?

வீட்டில் அப்பா மட்டும்தான். பக்கவாதம் வந்து வலதுபக்கம் விழுந்துவிட்டது. காலையில் நான் ஊட்டிவிட்டுக் கிளம்புவேன். மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா வந்து ஊட்டுவார். தங்கமானவர், ஆனால் அவருக்கும் குடும்பம் இருக்கிறது. சில நாள் நேரமாகிவிடும். பசிக்கிறது என்று வாய்விட்டுக் கேட்கிற ஆள் அப்பா இல்லை. டவுனுக்கு மாறுதல் கேட்டுக் கலந்தாய்வுக்குப் போவதும் வெறுங்கையோடு திரும்புவதுமாக என் காலம் போனது.

அவளும் என்னைப் போல ஒரு டீச்சர்; எனக்கு அந்த விளையாட்டில்தான் பழக்கம். ‘அவர்’ என்று எழுதத்தான் நினைத்தேன், மரியாதை வரமாட்டேன் என்கிறது. எனக்கு நேர் எதிராக இருந்தது அவள் நிலைமை. புகுந்த வீடும் தென்னந்தோப்பும் தொப்பம்பட்டிப் பக்கம், வேலை திண்டுக்கல்லை ஒட்டிய ஊரில். அவள் பள்ளிக்கூடம் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போய்விடுகிற தூரம்தான். ‘மேலே இருப்பவர் இன்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார்’ என்று அவள் போடுவாள். ‘சரி. மேலே இருப்பவர் இன்றைக்கும் ரசம் வைத்தே ஒப்பேற்றினார்’ என்று நான் போடுவேன். அவளும் ‘சரி’ என்பாள். யாரோ ஒருத்தி நம்மை இவ்வளவு சரியாக நினைத்துக்கொள்கிறாள் என்பதில் எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து நான் அப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்த நேரம், விலாசம் விசாரித்துக்கொண்டு அவள் தேங்காய்ப் பையோடு வந்து நின்றாள். அப்பாவைப் பார்த்ததும் என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி அவளே ஊட்டினாள்.

“ஏனுங்க டீச்சர், நீங்க எங்கூர்ப் பக்கம் கெடந்து அல்லாடறீங்க, நா உங்கூர்ப் பக்கம் கெடந்து அல்லாடறேன். மனமொத்த மாறுதலுக்குப் போட்டுட்டா ரெண்டு பேரு கஷ்டமும் தீந்துதுங்க” என்றாள்.

ஒரே பதவியில் இருக்கிற இரண்டு பேர் சம்மதித்துச் சேர்ந்து கையெழுத்துப் போட்டால், இடத்தை மாற்றிக்கொள்ளலாம். அதற்குத்தான் அந்தப் பெயர். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் போனதும் அப்பாவிடம், “ஜூன்ல இருந்து மத்தியானச் சோறு என் கையாலதாம்ப்பா. இடைவேளையில ஓடியாந்து ஊட்டிட்டுப் போறேன்” என்றேன். அப்பா கோணின வாயோடு சிரித்தார்.

அந்தச் சமயத்தில்தான் தளத்தில் சண்டை கிளம்பியது. நடத்துகிறவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். ஓய்வூதியத்துக்கு வழி தெரியாமல் தவித்து வருகிறவர் கண்ணில் ‘ரசம் வைத்தார்’ என்பதா படவேண்டும், விளையாட்டுப் பகுதியை மூடிவிடலாமா என்று கேட்டிருந்தார். ஆளுக்கு ஒன்று எழுதினார்கள். நான் நீளமாக எழுதினேன். மாறுதல் பகுதியில் எத்தனை வருடம் விளம்பரம் போட்டேன், ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை; விளையாடப் போன இடத்தில்தான் ஒரு மனுஷியைச் சம்பாதித்தேன், டவுனை ஒட்டிய தன் இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் என் இடத்துக்கு வரப்போகிறார், முகம் தெரியாத நம்மை மனிதர்களாக ஆக்குவது இந்த வெட்டிப் பேச்சுதான் என்று எழுதினேன். பாராட்டு குவிந்தது. அவளும் வந்து இரண்டு கைகூப்புப் படம் போட்டாள். ஓட்டெடுப்புக்கு விடுகிறேன் என்று தலைமையாசிரியர் இறங்கி வந்தார்.

விண்ணப்பம் கொடுக்கும் நேரம் வந்து நான் கையெழுத்துக் கேட்டபோது அவளுக்கு ஊரில் சொந்தக்காரர் கல்யாணம், அப்புறம் காய்ச்சல், அப்புறம் கணக்கெடுப்பு வேலை. ஆனால் விளையாட்டில் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் காலையில், ‘மேலே இருப்பவர் இன்று ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறார்’ என்று போட்டிருந்தாள். ‘சரி’ என்று போட்டுவிட்டு, நிரப்பின விண்ணப்பத்தோடு தொப்பம்பட்டி வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போனேன், எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று காட்டத்தான்.

அங்கிருந்த எழுத்தர் அவள் பெயரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “இந்த டீச்சர் வேற ஒருத்தரோட போட்டுட்டாங்களே. போன வாரமே கையெழுத்தாகி மேல போயிருச்சு. உங்களுக்குச் சொல்லலையா?”

வெளியே வந்து அவளுக்கு போன் போட்டேன். எடுத்தாள்.

“சொல்லோணும்னுதான் இருந்தேனுங்க டீச்சர். உங்க கட்டுரையைப் படிச்சுட்டு எங்க ஊரு ஸ்கூல் டீச்சரே கூப்ட்டாங்க. டவுன் பக்கம் எடம் இருக்குன்னு அதுலதான் தெரிஞ்சுதாமா. வீட்டு வாசல்லயே ஸ்கூலுங்க. எங்க வீட்டுக்காரரு ஒத்தக்கால்ல நின்னுட்டாரு.”

“சரி, அது உங்க இஷ்டம். ஒரு வாரமா தெனமும் எங்கிட்டப் பேசுனீங்கல்ல? இன்னைக்குக் காலையில கூடப் போட்டீங்களே. ஒரு வார்த்தை சொல்லலாம்ல?”

அதற்கு அவள் சொன்னாள்: “வெளையாட்டுல நல்லா சிரிச்சுப் பேசிட்டு இருந்தோமுங்க. அதைப் போயி கெடுக்க மனசு வரலீங்க.”

அவள் பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதனால்தான் வயிறு எரிகிறது. தன் வீட்டு வாசலில் வேலை கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? நானும் விட மாட்டேன். ஆனால் என் அப்பாவுக்குச் சோறு ஊட்டின கையால் அங்கே கையெழுத்தும் போட்டுவிட்டு, இங்கே எனக்குச் சந்தோஷம் என்று ஊகித்து விளையாட ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். தினமும் பேசிக்கொண்டே இருக்கலாம், சொல்ல வேண்டியதைச் சொல்லாமலும் இருக்கலாம் என்ற வசதியை அந்த விளையாட்டுதான் அவளுக்குக் கொடுத்தது. அதை நட்பு என்று நம்பி ஊரறியக் கட்டுரை எழுதினவள் நான்.

ஓட்டெடுப்பு வந்தது. அவள் ‘இருக்கட்டும்’ என்று போட்டாள். நான் ‘மூடிவிடலாம்’ என்று போட்டேன். தலைமையாசிரியர் போனில் தனியாகக் கூப்பிட்டு, “என்ன டீச்சர், உங்க கட்டுரையைப் படிச்சு நானே மனசு மாறிட்டேன். நீங்க இப்படி மாத்திப் போட்டா எப்படி?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பகுதி பெரும்பான்மையில் தப்பித்துக்கொண்டது. கோபத்தில் போட்ட ஓட்டுதான், இன்னொரு தடவை கேட்டாலும் அதையேதான் போடுவேன்.

மாறுதல் கிடைக்கவில்லை என்று அப்பாவிடம், எழுத்தர் சொன்ன அன்றைக்கே சொல்லியிருந்தேன். தலையை ஆட்டினார். புரிந்துகொண்டார் என்றுதான் நினைத்தேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்று, பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டு அக்கா வாசலிலேயே நின்றார். “மத்தியானம் வாயே தொறக்கல டீச்சர். நானும் எம்புட்டோ கெஞ்சிப் பாத்துட்டேன். எம்மக வரும், எம்மக வரும்னு வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாரு.”

உடை கூட மாற்றாமல் சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு போனேன். ஒரு வாய் வாங்கி மெதுவாக மென்று விழுங்கிவிட்டு, என் முகத்தைப் பார்த்தார்.

“பஸ்ஸு லேட்டா, ஆத்தா?”

“ஆமாப்பா” என்றேன்.